ஞாயிற்றுக்கிழமை வவுச்சர்

தளவாயை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் என்னுடைய வவுச்சரைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். புன்சிரிப்பு இல்லை, தம்பி. வாய்விட்ட சிரிப்பு. கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார், கண்ணாடியை மாட்டினார், மறுபடியும் அந்தத் தாளைப் பார்த்தார், மறுபடியும் சிரித்தார். கீழே உரக்கடைக்காரர் மாடிப்படி வரைக்கும் வந்து, "என்ன சார், என்ன விசேஷம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த வாரமே தளவாய் போய்விட்டார். தூக்கத்திலேயே. நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லட்டும். என் வவுச்சருக்கு ஒரு நியாயமான பதில் சொல்லாமல் போனவரை, நான் எப்படி நல்லபடியாகப் போனார் என்று சொல்வேன்?

நீங்கள் கேட்டது என்ன? இந்த டிக்கெட்டை ஏன் இப்படி மடித்துப் பைக்குள் பத்திரப்படுத்துகிறீர்கள் என்றுதானே? அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வண்டி திருநெல்வேலி ஜங்ஷன் போய்ச் சேர நேரம் இருக்கிறது. டவுன் பஸ். ஆட்டுக்குட்டி கை காட்டினாலும் நிறுத்துவான்.

என் பெயர் ஆவுடையப்பன். நகராட்சியில் பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டு வரி, தண்ணீர் வரி என்று ஊரில் எல்லா வாசலிலும் நின்றிருக்கிறேன். இன்றைக்கும் என்னைக் கண்டால் சில பேர் பழக்கத்தில் உள்ளே போய்விடுவார்கள். தளவாய் அதே நகராட்சியில் கணக்குப் பிரிவு. ஓய்வுக்குப் பிறகு எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்குப் பொருளாளர். சங்கம் இருப்பது உரக்கடை மாடியில். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் சட்டையெல்லாம் யூரியா வாடை அடிக்கும்.

சங்கத்தில் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். நல்ல ஏற்பாடு. ஓய்வூதியம் மறுக்கப்பட்டவர்கள் மேல்முறையீடு செய்தால் விசாரணைக்குத் திருநெல்வேலி வர வேண்டும். கொக்கிரகுளம் பக்கம் ஒரு மாடிக் கட்டிடம். தனியாகப் போனால், முக்கியமாகப் பெண்கள் தனியாகப் போனால், கீழே கேளுங்கள், மேலே கேளுங்கள் என்று சுற்றவிட்டுவிடுவார்கள். வாசலில் புரோக்கர்கள் வேறு. அதனால் மனுதாரர் போகும்போது சங்கத்து உறுப்பினர் ஒருவர் கூடப் போவது. போகிறவருக்கு பஸ் காசும் ஒரு சாப்பாடும் சங்கம் கொடுத்துவிடும். கணக்கில் அதற்கு 'கூடப்போறவர் செலவு' என்று தலைப்பு.

தளவாய் அதற்கு இரண்டு விதி போட்டார். ஒன்று, டிக்கெட்டை வவுச்சரில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். டிக்கெட் இல்லாமல் வாயால் சொன்னால் செல்லாது. அடுத்தது, மனுதாரர் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. ஏன் என்றால், எங்கள் ஆள் ஒருவர், இப்போது அவரும் இல்லை, ஒரு விதவைப் பெண்ணுக்குக் கூடப் போய், அந்த அம்மா காசிலேயே அல்வா தின்று, அரை கிலோ பார்சலும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேல்முறையீடு தோற்றுவிட்டது. அல்வாவை மட்டும் ஊரே பேசியது.

விதி நல்ல விதிதான். நான் குறை சொல்லவில்லை. அதைக் கடைப்பிடிக்கிற ஆளைப் பார்த்து விதியை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

உலகம்மை என்று ஒருவர். அவர் கணவர் மந்திரமூர்த்தி நகராட்சியில் குழாய் ஃபிட்டர். பாதி வேலைக்காலம் தினக்கூலி, பிறகுதான் நிரந்தரம். அவர் இறந்த பிறகு, நிரந்தரமாக இருந்த வருஷங்கள் போதாது, குடும்ப ஓய்வூதியம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். தினக்கூலி வருஷங்களில் பாதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் மேல்முறையீடு. பிள்ளை இல்லை. அந்த அம்மா பீடி சுற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். மடியில் முறம் மாதிரி ஒரு சுளகு, சுளகில் பீடி இலை, பக்கத்தில் தூள். கண் மங்கிக்கொண்டு வந்தது. சுற்றிய பீடியில் பாதியைக் கடைக்காரன் கழித்துத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்திருந்தான். இந்த ஓய்வூதியம் வந்தால் சோறு, வராவிட்டால் அந்தக் கண் இருக்கும் வரைக்கும் பீடி. நிலைமை அதுதான்.

கூட யார் போவது என்று கூட்டத்தில் கேட்டார்கள். நான் கை தூக்கினேன். என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வீட்டில் ஃபேன் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அதற்காகப் போகவில்லை. சேவை. சும்மா இருக்கிறோமே, ஒரு சேவை செய்வோம் என்றுதான்.

தளவாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உமக்கு பஸ்ஸுல தலை சுத்துமேவே?"

"அது மலைப்பாதையில."

"திருநவேலிக்கு எங்கவே மலைப்பாதை? போன வருஷம் மாநாட்டுக்குப் போகையில சேரன்மாதேவியிலேயே எறங்கி வாந்தி எடுத்தீரு."

அப்படிப்பட்ட ஆள் அவர். சேவைக்குப் போகிறவனிடம் வாந்தியைப் பற்றிப் பேசுவார்.

முதல் தடவை போனோம். நேராகப் போகிற மொபசல் பஸ்ஸில் போகலாம் என்றேன். உலகம்மை கேட்கவில்லை. "டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்குக் காசு கெடையாதுல்லா அண்ணாச்சி. சேரன்மாதேவியில எறங்கி மாறிக்கிடுவோம்." ஆக, மனுதாரருக்கு டிக்கெட் இலவசம், கூடப் போகிற எனக்குத்தான் காசு. தளவாய் பிறகு வவுச்சரில் அதைப் பார்த்து, "வழக்குப் போட்டவங்களுக்குச் செலவே இல்ல, உமக்குத்தான்வே செலவு. நீரு வீட்டுல இருந்தா சங்கம் லாபத்துல ஓடும்" என்றார். பஸ்ஸில் உலகம்மை முன்னால் பெண்கள் பக்கம், நான் பின்னால். கூடப் போவது என்று பெயர்தான். ஜங்ஷன் வரைக்கும் நான் பார்த்தது ஒரு கொண்டையும் அதில் ஒரு கொண்டை ஊசியும்.

இறங்கியபோது அவர்கள் கையில் ஒரு டிபன் கேரியர். நாலு அடுக்கு. விசாரணைக்கு வருகிறவர்களுக்குக் கேரியர் எதற்கு என்று நினைத்தேன். கட்டிடத்து வராந்தாவில் உட்கார்ந்து, எங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்து, மத்தியானம் ஆனதும் கேரியரைத் திறந்தார்கள். இட்லி. எள் போட்டு இடித்த மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் ஊற்றிக் குழப்பி வைத்தது.

"நீங்க சாப்பிடுங்க. நான் ஓட்டலுக்குப் போயிட்டு வாரேன்" என்றேன். விதியைச் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வச்சேன் அண்ணாச்சி. நீங்க சாப்பிடலேன்னா எனக்கும் எறங்காது."

நீங்களே சொல்லுங்கள் தம்பி. மனுதாரர் சாப்பிடாமல் விசாரணைக்கு உள்ளே போய் மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு? கூடப் போனவன்தானே? மனுதாரர் நலனை முன்னிட்டுத்தான் நான் சாப்பிட்டேன். ஏழு இட்லி.

ஊருக்கு வந்து வவுச்சர் எழுதினேன். பஸ் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு. தளவாய் டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஓய், இதுல என்னவே செவப்பா?"

"வெத்தலச் சாறா இருக்கும்."

மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "வெத்தல இல்ல. மொளகாப்பொடி. எள்ளு போட்டது. ஓட்டல்காரன் எவன் எள்ளு போடுதான்? யாரு வீட்டு இட்லி இது?"

"நான் மத்தியானம் சாப்பிட்டேனா இல்லையா? சாப்பாட்டுச் செலவு எழுதியிருக்கேன்."

"சாப்பிட்டீரு. நல்லாவே சாப்பிட்டிருக்கீரு. செலவு யாருக்குன்னுதான் கேக்கேன்."

சிவப்பு மையால் சாப்பாட்டை அடித்துவிட்டார். பஸ் காசு மட்டும்தான் கையில் வந்தது. பில் கலெக்டராக இருந்தவன் நான். ஊரிலிருந்து வசூல் பண்ணியே பழகினவன். எனக்கு வர வேண்டியதை ஒருவர் அடிப்பது அதுதான் முதல் தடவை.

அதோடு விட்டாரா? கேரியரின் கடைசி அடுக்கில் மிச்சம் இருந்த இட்லியை உலகம்மை, "ராத்திரிக்கு வச்சுக்கிடுங்க, உங்களுக்கு யாரு இருக்கா வடிச்சுப் போட?" என்று அடுக்கோடு என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா? வெறும் பாத்திரமாகக் கொடுக்க முடியுமா? எந்த வீட்டிலாவது கொடுப்பார்களா? கொஞ்சம் சீனி போட்டுக் கொடுத்தேன். அடுத்த விசாரணைக்கு வரும்போது அந்தச் சீனியில் ரவை லட்டு பிடித்து, அதே அடுக்கில் வைத்துக் கொண்டுவந்தார்கள். லட்டு தீரவில்லை, அடுக்கு மறுபடி என் வீட்டுக்கு. நான் அதில் முருங்கைக்காய் நறுக்கிப் போட்டுக் கொடுத்தேன். அது புளிக்குழம்பாகத் திரும்பி வந்தது. இப்படிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. இதில் யாருக்கும் யாரும் கடன் இல்லை. அவர்கள் கொடுத்தார்கள், நான் கொடுத்தேன். கணக்கு நேர்.

தளவாயிடம் விளக்கிச் சொன்னேன். கணக்குப் பிரிவில் இருந்தவருக்குப் புரிய வேண்டாமா?

"நேர் ஆகலையேவே" என்றார். "எப்பப் பாத்தாலும் ஒரு அடுக்கு யாரு வீட்டுலயாவது நிக்குதே."

விசாரணை தள்ளிக்கொண்டே போனது. ஒரு தடவை அதிகாரி விடுப்பு. ஒரு தடவை ஒரு தாள் குறைவு. அந்தத் தாளைக் கொண்டுபோனால் அதில் முத்திரை குறைவு. உலகம்மைக்குக் கவலை. எனக்கும் கவலைதான். ஆனால் நான் வெளியே காட்டிக்கொள்வதில்லை. தேதி தள்ளிவிட்டார்கள் என்று சங்கத்தில் வந்து சொல்லும்போது என் முகத்தில் கவலையே தெரியவில்லை என்று தளவாய் சொல்லியிருக்கிறார். "தள்ளிப் போட்டுட்டான்னு சொல்லுதீரு, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவன் மாதிரில்லா சொல்லுதீரு." மனோதிடம் தம்பி. அது இல்லாதவருக்கு அது என்னவென்று தெரியாது.

கடைசியில் மந்திரமூர்த்தியோடு வேலை பார்த்த பழைய ஓவர்சியர் ஒருவர் வந்து, ஆமாம், இவர் அந்த வருஷங்களில் என் கீழேதான் குழாய் போட்டார் என்று எழுதிக் கொடுத்தார். மேல்முறையீடு வெற்றி. உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு உலகம்மை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார்கள். எனக்கும் ரொம்ப சந்தோஷம். வெயில் அதிகம் அன்றைக்கு. அதனால் கொஞ்சம் கிறுகிறுப்பாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டில், "அண்ணாச்சிக்குச் சந்தோஷம் இல்லையா?" என்று கேட்டார்கள்.

"ஏன் இல்லாம? இனிமே நீங்க இப்படி அலைய வேண்டாம்லா."

"ஆமா" என்றார்கள். "அலைய வேண்டாம்."

முதல் மாத ஓய்வூதியம் வந்த அன்றைக்குச் சுளகைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நானே போய்ப் பார்த்தேன். பரணில்தான் இருந்தது.

இருங்கள். அது எனக்கு. அந்த எலுமிச்சம்பழம், முன்னாலிருந்து கைமாறிக் கைமாறி வருகிறதே, அதை இப்படிக் கொடுங்கள். இந்த வளைவுப் பக்கம் வண்டி குலுங்கும். மோந்துகொண்டு வந்தால் வயிற்றைப் புரட்டாது. யார் கொடுத்துவிட்டதா? அதோ, முன்னால் கேரியரோடு உட்கார்ந்திருக்கிறார்களே, ஊதாச் சேலை. அவர்கள்தான் உலகம்மை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் இறங்கிவிட்டேனா, இருக்கிறேனா என்று. இத்தனை வருஷம் கூடப் போகிறேன், இன்னும் என் மேல் நம்பிக்கை வரவில்லை.

எங்கே விட்டேன்? ஆமாம், வெற்றி. வெற்றியோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று தளவாய் நினைத்தார். முடியவில்லை. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை நேர்காணலுக்குப் போக வேண்டும், உயிரோடு இருக்கிறோம் என்று காட்ட. குடும்ப ஓய்வூதியம் வாங்குகிற பெண்கள் இன்னொன்றும் எழுதிக் கொடுக்க வேண்டும், நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று. செய்துகொண்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். இதற்கும் ஆள் கூடப் போக வேண்டும் என்று நான் செயற்குழுவில் பேசினேன்.

"மேல்முறையீடு முடிஞ்சு போச்சேவே" என்றார் தளவாய்.

"மேல்முறையீட்டோட பலன் நீடிக்கணும்லா? அது நீடிக்கணும்னா கூடப் போகணும்லா?"

நீண்ட நேரம் பேசினேன். கரண்ட் வேறு இல்லை. எல்லோரும் வியர்த்துப்போய், "சரி சரி, அப்படியே வச்சுக்கிடுவோம்" என்று கை தூக்கிவிட்டார்கள். தளவாய் மட்டும் தீர்மானத்தை எழுதும்போது தனக்குத் தானே தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த மறுமணம் இல்லை என்கிற தாளில் ஒரு சாட்சிக் கையெழுத்து வேண்டும். விவரம் தெரிந்த ஆள் போட வேண்டும். அவர்கள் விவரம் முழுக்கத் தெரிந்தவன் நான்தானே? நான்தான் போடுவேன். வருஷா வருஷம். என்னவோ, அந்த ஒரு கையெழுத்துக்கு மட்டும் பேனா சரியாக எழுதாது. உதறி உதறிப் போட வேண்டியிருக்கும். அங்கே வைத்திருக்கிற பேனா அப்படி.

பிறகுதான் அந்தக் கூத்து நடந்தது. யாரோ ஒரு மொட்டைக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டான். உலகம்மை என்பவர் இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டு அரசாங்கத்தை ஏமாற்றுகிறார், இன்னார்தான் அந்த ஆள், இன்ன இன்ன தேதியில் இரண்டு பேரும் சேர்ந்து பஸ்ஸில் போயிருக்கிறார்கள் என்று. எல்லாத் தேதியும் சரி. ஓய்வூதியத்தை நிறுத்தி வைத்துவிட்டு, விசாரணைக்கு வரச் சொல்லித் தாக்கீது வந்தது.

தேதியெல்லாம் வெளியாளுக்கு எப்படித் தெரியும் என்று நானும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். நான் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் மட்டும் உறுப்பினர்கள் செய்த சேவைகளை வாசிப்பார்கள். அதில் என் சேவையைச் சுருக்கமாக எழுதியிருந்தார் தளவாய். அப்படி எழுதினால் இளைஞர்களுக்கு எப்படி ஊக்கம் வரும்? தேதிவாரியாக, மனுதாரர் பெயரோடு வாசிக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். மைக் பாதியில் கரகரத்துவிட்டது. முதலிலிருந்து மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். அவ்வளவுதான். வேறு எப்படியும் வெளியே போயிருக்க வழியில்லை. எனக்கு இன்றைக்கும் தளவாய் மேல் ஒரு சந்தேகம் உண்டு.

உலகம்மை வீட்டுக்குப் போனேன். சுளகு கீழே வந்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நிமிரவில்லை.

"விசாரணைக்கு நான் தனியாவே போயிக்கிடுதேன்" என்றார்கள்.

"அது எப்படி? விதி இருக்குல்லா."

"அண்ணாச்சி, நீங்க கூட வந்துதான் இது வந்திருக்கு."

வாசலில் நின்றேன். வரி கேட்டு நின்ற வாசல்தான் அது. அன்றைக்கு எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

தளவாயிடம் போய்ச் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து, பழைய வவுச்சர் கட்டை எடுத்து மஞ்சள் பையில் போட்டார். "நானும் வாரேன்" என்றார். மூன்று பேரும் போனோம். வயதில் சின்ன அதிகாரி, ஒரு பெண். கடிதத்தை வைத்துக்கொண்டு உலகம்மையிடம் கேட்டார்கள். "இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

உலகம்மை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சங்கத்து உறுப்பினர்" என்றேன்.

"உங்களைக் கேக்கல சார்."

அப்போது தளவாய் அந்தக் கட்டை மேஜையில் வைத்து அவிழ்த்தார்.

"அம்மா, இது பூரா இவரு எழுதிக் குடுத்தது. இவங்களுக்குக் கூட வந்த ஒவ்வொரு தடவைக்கும் சங்கத்துல காசு வாங்கியிருக்காரு. டிக்கெட் ஒட்டியிருக்கு, பாருங்க. இந்தா, இது டீ. இது எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழத்துக்கு வவுச்சர் எழுதியிருக்காரும்மா. நீங்க சின்ன வயசு, இருந்தாலும் கேக்கேன். எந்தப் புருஷன் பொண்டாட்டிகூட பஸ்ஸுல போனதுக்கு வவுச்சர் எழுதிக் காசு வாங்குவான்?"

அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். எலுமிச்சம்பழத்தில் நின்றார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். "இதெல்லாம் பாஸ் பண்ணினது யாரு?"

"நான்தாம்மா. பாதிய அடிச்சிருப்பேன், செவப்பு மையில."

"ஆமா, அடிச்சிருக்கு" என்று சொல்லிக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்கள். புகாரில் உண்மை இல்லை என்று எழுதினார்கள். நின்றுபோன மாதங்களுக்கும் சேர்த்து வந்துவிட்டது. என் நேர்மையான கணக்குதான் அந்த அம்மாவைக் காப்பாற்றியது. அதைத் தளவாய் ஒரு வார்த்தை பாராட்டியிருக்க வேண்டாமா? "இப்பவாவது தெரியுதா நான் ஏன் எல்லாத்துக்கும் எழுதுதேன்னு?" என்று நானே கேட்டேன். "தெரியாமலாவே அடிச்சதையும் கிழிச்சுப் போடாம வச்சிருந்தேன்?" என்றார். என்ன அர்த்தம் என்றே புரியாத பதில்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் உலகம்மை என் பக்கத்தில் வந்து நின்றார்கள். "நல்லவேளை, காசு வாங்கினீங்க" என்றார்கள். அவ்வளவுதான். ஆனால் தம்பி, அன்றிலிருந்து ஒன்று கவனித்தேன். அதுவரைக்கும் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்கள், அன்றோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. "ஏங்க, இங்க பாருங்க", "ஏங்க, பஸ் வந்துட்டு", இப்படித்தான். காசு வாங்கிக்கொண்டு கூட வந்தான் என்று தெரிந்த பிறகு மரியாதை குறைந்துவிட்டது. என்ன செய்வது? சேவை செய்கிறவன் இதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

அந்த விசாரணை நல்லபடியாக முடிந்தால் குறுக்குத்துறை முருகனுக்கு விளக்குப் போடுவதாக உலகம்மை நேர்ந்திருந்தார்கள். போனோம். ஆற்றில் தண்ணீர் படியைத் தொட்டுக்கொண்டு போனது. விளக்குப் போட்டோம், மீனுக்குப் பொரி போட்டோம், படியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். ஊருக்கு வந்ததும் வழக்கம்போல டிக்கெட்டை ஒட்டினேன். பசைக்குப் பதில் கேரியரில் இருந்த சோற்றுப் பருக்கை. எழுதி, கையெழுத்துப் போட்டு, தளவாயிடம் கொடுத்தேன்.

அவர் பார்த்தார். "என்னவே, பருக்க மஞ்சளா இருக்கு?"

"ஒட்டியிருக்கா இல்லையா?"

"ஒட்டியிருக்கு. நல்லாவே ஒட்டியிருக்கு." பிறகு தேதியில் விரலை வைத்தார். காலண்டரைப் பார்த்தார். "ஆவுடையப்பன், அன்னைக்கு ஞாயித்துக்கிழமைவே. எந்த ஆபீஸ்வே ஞாயித்துக்கிழமை தொறந்திருக்கு?"

நேர்ச்சையைச் சொன்னேன். விசாரணைக்காக நேர்ந்தது விசாரணைச் செலவில்தான் சேரும் என்று சொன்னேன். அப்போதுதான் அந்தச் சிரிப்பு. சிரித்து முடித்து, சிவப்புப் பேனாவை எடுத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இது சங்கத்துச் செலவு இல்லவே. உம்ம சொந்தச் செலவு. கொண்டுபோயி வீட்டுல வச்சுக்கிடும். எவன்கிட்டயும் காட்டிராதேயும்."

வவுச்சரை நீட்டினார். எப்படிப்பட்ட அவமானம் பாருங்கள். அடித்திருந்தால்கூட ஒரு பதிலாக இருந்திருக்கும். எனக்குச் சொல்லியிருந்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து படி இறங்கினேன். மேலேயிருந்து சத்தம் கொடுத்தார்.

"ஓய்! அடுத்த ஞாயித்துக்கிழமையும் போவீரா?"

"போவேன். போகாம என்ன?" கோபத்தில் சொன்னதுதான்.

"போம், போம்" என்றார்.

அதுதான் கடைசியாகக் கேட்ட குரல்.

இப்போது இருக்கிற பொருளாளர் நல்ல மனிதர். வாத்தியாராக இருந்தவர். "டிக்கெட் எல்லாம் எதுக்கு சார்? தொகையச் சொல்லுங்க, போட்டு விட்டுருதேன்" என்கிறார். மோந்து பார்ப்பது இல்லை, கேள்வி இல்லை, சிவப்பு மை இல்லை. அப்படி வாங்குகிற காசில் என்ன இருக்கிறது? நான் ஒன்றும் எழுதிக் கொடுப்பதில்லை. கொள்கை தம்பி. அந்த ஞாயிற்றுக்கிழமை வவுச்சருக்குத் தீர்ப்பு வராமல் அடுத்த வவுச்சர் எழுத மாட்டேன். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் இல்லை. அதனால் இப்போதெல்லாம் என் கைக்காசுதான். டிக்கெட்டை மட்டும் பழக்கத்தில் மடித்து வைத்துக்கொள்கிறேன்.

இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதானே என்று கேட்கிறீர்கள். தெரியும். கேரியர் கைப்பிடி கழன்றுவிட்டது. டவுனில் பாத்திரக் கடையில் கொடுத்து மாட்ட வேண்டும். அப்படியே குறுக்குத்துறைக்கும் ஒரு நடை. கடை அடைத்திருந்தால் அடுத்த ஞாயிறு வர வேண்டியதுதான். போன ஞாயிறும் அடைத்துத்தான் இருந்தது.

அடுத்த மாதம் நேர்காணல். அந்தத் தாளில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், மறுமணம் இல்லை என்று. போடுவேன். உண்மைதானே? போட்டால்தான் சுளகு பரணில் இருக்கும்.

ஜங்ஷன் வந்துவிட்டது. அதோ, திரும்பிப் பார்த்துவிட்டார்கள். இறங்கணும். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கொள்ளுங்கள் தம்பி.

அவர்கள் கையில் இருக்கிற கேரியரைப் பாருங்கள். நாலு அடுக்குக் கேரியர். அதில் இப்போது மூன்றுதான் இருக்கிறது. இன்னொன்று என் வீட்டில் இருக்கிறது.